படகுக்காரர்கள் தேய்த்த படி

படியின் மேல் சாய்த்து வைத்த பலகை மறுபடியும் வழுக்கியது. சக்கர நாற்காலியின் கைப்பிடிகளைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்து, உடம்பின் பாரத்தை எல்லாம் குதிகாலில் இறக்கி அவள் நின்றாள். முன்சக்கரங்கள் இரண்டும் வாசலுக்கு வெளியே அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. நாற்காலியில் இருந்த அவளுடைய வீட்டுக்காரர் வாசல் நிலையின் இரண்டு பக்கச் சட்டங்களையும் இறுகப் பிடித்துக்கொண்டு, "இழுடி, உள்ள இழு" என்று கத்தினார். இழுத்தாள். இடுப்பில் சுளீரென்று ஒன்று வெட்டிக்கொண்டு போனது. நாற்காலி தடாலென்று உள்ளே வந்து விழுந்தது. பலகை மட்டும் வெளியே போய், படிக்கல்லின் குழியில் இப்படியும் அப்படியும் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு, நேராகக் கால்வாய்க்குள் இறங்கியது. கால்வாய்க் கதவு திறக்கக் காத்துக்கொண்டிருந்த சுற்றுலாப் படகில் இருந்து ஒருவர் கழியை நீட்டி அதை எடுத்துக் கரையில் போட்டார். போடுவதற்கு முன்னால் அதை ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

அவருக்கு நன்றி சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? சொல்லவில்லை. நன்றி சொல்கிற நிலைமையில் எல்லாம் அவள் இல்லை. வெளியே வந்து படியின் மேல் பொத்தென்று உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்த பிறகுதான் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று உறைத்தது. சட்டென்று எழுந்து அந்தக் கல்லை ஓர் உதை விட்டாள். கல்லுக்கு என்ன வலிக்கவா போகிறது? கால் கட்டைவிரல்தான் வீங்கியது.

இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டால்தான் அவளுடைய எரிச்சல் புரியும். பள்ளத்தாக்கின் அடியில் ஆறு பாறைகளை முட்டிக்கொண்டு, என்னவோ தலைபோகிற அவசரம் போல ஓடிக்கொண்டிருக்கும். அதே ஆற்றின் தண்ணீர்தான், எங்கோ மேலே பிரிந்து வந்து, மலைச்சரிவின் பாதி உயரத்தில் கால்வாயாக நிற்கும். ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாது. அத்தனை சோம்பல். ஆற்றில் படகு விட முடியாது என்றுதான், யாரோ எந்தக் காலத்திலோ மலையைச் செதுக்கி, ஓடைகளுக்கு மேலே கல் பாலம் கட்டி, அந்தப் பாலத்தின் மேல் தண்ணீரையே நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள். தரை இறங்குகிற இடங்களில் எல்லாம் ஒரு தொட்டி. தொட்டிக்கு முன்னும் பின்னும் பெரிய மரக்கதவுகள். படகு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தண்ணீரை நிரப்பினால் படகு மேலே வரும்; வடித்தால் கீழே இறங்கும். மூட்டை ஏற்றிய படகுகள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்ட ஜனங்கள்தான் மூட்டைகளுக்குப் பதிலாக ஏறி இறங்குகிறார்கள்.

அந்தக் கதவுகளைத் திறந்து மூடியவர்தான் அவள் வீட்டுக்காரர். ஊரில் அவருக்குக் கதவுக்காரர் என்றுதான் பெயர். கதவின் தலையில் இருந்து முழு மரம் ஒன்று கரைப்பக்கம் நீண்டிருக்கும். அதில் முதுகைக் கொடுத்து, காலைத் தரையில் ஊன்றி, பின்பக்கமாகவே நடந்து தள்ளவேண்டும். கையால் தள்ளுகிறவன் புது ஆள் என்று அவர் சிரிப்பார். அவருடைய அப்பாவும் அதே மரத்தில் முதுகைத் தேய்த்தவர்தான். வேலையோடு சேர்த்துக் கொடுத்தது இந்த வீடு. தொட்டியை ஒட்டியே இருக்கும். பின்சுவர் மலைக்குள் போய்விட்டதால் பின்வாசல் கிடையாது. முன்வாசலைத் திறந்தால் படி, படியை விட்டால் ஓர் ஆள் படுக்கிற அளவு மண்பாதை, பாதையை விட்டால் தண்ணீர். கழிப்பறை வீட்டுக்குப் பக்கவாட்டில், பாதையோடு நடந்து திரும்பினால்.

போன மழைக்காலத்தில் பாசி பிடித்த கதவின் மேல் நடந்து போனவர், வடிந்து கிடந்த தொட்டிக்குள் விழுந்தார். உயிர் இருந்தது, இடுப்புக்குக் கீழே இல்லை. வேறென்ன சொல்ல? ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த அன்று படகோட்டிகள் சேர்ந்து அவரை நாற்காலியோடு அலாக்காகத் தூக்கி வாசலுக்குள் வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவர் வெளியே வரவில்லை. இப்போது கதவைப் பொத்தான் திறக்கிறது. பொத்தானை அழுத்த ஓர் ஆள் போட்டிருக்கிறார்கள். அவர் குடைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஒரு விரலால் அந்த வேலையைச் செய்கிறார்.

அவளுக்கும் ஒரு பெயர் உண்டு. டிக்கெட்டக்கா. படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, "குழந்தைக்கு அரை டிக்கெட்தான், ஆனா முழுசா அழுவாம பாத்துக்கோங்க" என்று ஏதாவது ஒன்று சொல்லிக்கொண்டே சீட்டுக் கிழிப்பாள். வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கால் வலிக்காது. அந்தச் சன்னலுக்குப் பின்னால் அவள் ராணி. வீட்டுக்காரர் விழுந்த நாளில் இருந்து விடுப்பில் இருக்கிறாள். மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனாலும் எத்தனை மாதம்தான் பொறுப்பார்? அவருடைய அக்கா மகளை அங்கே உட்காரவைத்திருக்கிறார். அந்தப் பெண் சிரிப்பதும் இல்லை, சில்லறை கொடுப்பதும் இல்லை என்று படகோட்டிகள் வந்து புகார் சொல்லிவிட்டுப் போகிறார்கள். "முதல் தேதி வந்துருவீங்கல்ல அக்கா? இல்லன்னா அவளையே நிரந்தரமா போட்டுருவேன், கோவிச்சுக்காதீங்க" என்று மேனேஜர் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்.

வருவதற்கு அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் தானாகக் கழிப்பறைக்குப் போய்வர வேண்டும். அவர் கை இரண்டும் இரும்பு. தரை மட்டமாக இருந்தால் சக்கரத்தை அவரே உருட்டிக்கொண்டு உலகத்தையே சுற்றி வருவார். இந்தக் கல்லைத் தூக்கிவிட்டு, வாசலில் இருந்து சுவரோரமாகத் திருப்பி ஒரு சரிவு கட்டினால் முடிந்தது கதை. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, அரை நாள் வேலை என்று சொன்னார். கல்லை வைத்துக்கொண்டே நேராகச் சரிவு போட்டால் அது தண்ணீரில்தான் போய் முடியும், அதற்கு உங்க பலகையே தேவலை என்றும் சொன்னார்.

ஆனால் கல்லைத் தொடக்கூடாது. பள்ளத்தாக்கு முழுவதையும், ஆறு, கால்வாய், பாலம், தொட்டி, கதவு, கதவுக்காரர் வீடு என்று ஒன்றுவிடாமல் மரபுச் சொத்து என்று அறிவித்தாயிற்று. அறிவித்த அன்று மேளதாளம் இல்லாத குறைதான். அவளும் புதுச்சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் நின்று கைதட்டினாள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போது கை அரிக்கிறது. உள்ளேயே ஒரு கழிப்பறை கட்டலாம் என்றால் சுவரில் ஓட்டை போடக்கூடாது. வாசல் நிலையை இறக்கலாம் என்றால் அது கூடவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே இந்தப் படி. அதற்கென்று தனியாக ஓர் அறிவிப்புப் பலகை நட்டு எழுதிவைத்திருக்கிறார்கள்: தலைமுறை தலைமுறையாகப் படகுக்காரர்கள் நின்று கதவு திறக்கச் சொல்லிக் குரல்கொடுத்த படி; அவர்கள் பாதம் பட்டுத் தேய்ந்த குழியை இன்றும் காணலாம்.

காணலாம், நன்றாகக் காணலாம். அது துணி துவைத்துத் தேய்ந்த குழி.

கல்யாணமான புதிதில் இந்த வாசலில் ஒரு மொக்கைக் கல்தான் கிடந்தது. ஒரு வெள்ளத்தின்போது அது உடைந்தது. கீழே ஆற்றங்கரையில், யாரும் துவைக்க வராமல் கிடந்த பழைய துவைகல் ஒன்றை அவர் பார்த்துவைத்திருந்தார். படகு ஓடாத ஒரு நாளில், கதவுச் சங்கிலியை அதில் மாட்டி, அவர் மேலே சுற்ற, அவள் கீழே இருந்து கட்டையை அண்டக்கொடுக்க, இரண்டு பேருமாக அதைச் சரிவில் ஏற்றிக் கொண்டுவந்து போட்டார்கள். வழியில் அது ஒரு தரம் உருண்டது. அவள் அலறிய அலறலில் ஆற்றில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. அவர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே சிரியோ சிரி என்று சிரித்தார். குழிப்பக்கத்தை ஏன் மேலே வைக்கிறீங்க என்று கேட்டதற்கு, "நீ உக்காந்து காய் நறுக்க வாகா இருக்கும்ல" என்றார். இருக்கத்தான் இருந்தது.

பிறகு சுற்றுலாப் படகுகள் வரத் தொடங்கின. யாரோ ஓர் அம்மாள் படகில் இருந்தபடியே, அது என்ன குழி என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. தெரிந்ததைச் சுவாரசியம் இல்லாமல் சொல்லும் பழக்கமும் கிடையாது. படகுக்காரர்கள் கால் பட்டுத் தேய்ந்தது என்று எடுத்துவிட்டார். அடுத்த படகுக்கு அந்தப் படகுக்காரர்களுக்குக் குரலும் வந்தது, அதற்கடுத்த படகுக்குப் பாட்டும் வந்தது. அவளுக்கும் அதில் பங்கில்லாமல் இல்லை. "அந்தப் படியப் பாக்காம திரும்பி வந்தீங்கன்னா டிக்கெட்டு வேஸ்ட்டு" என்று சன்னலில் சொல்லிச் சொல்லி விற்றவள் அவள்தான். விளம்பரத் தாளில் அவர் ஒரு காலைக் குழியில் வைத்து, இடுப்பில் கைவைத்து, ராஜா மாதிரி நிற்கிற படம் வந்தது. பார்த்துப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்த வாய் இப்போது என்ன சொல்வது?

அவள் போட்ட மனுவைப் பார்த்துவிட்டு மரபுத் துறையில் இருந்து வந்தது ஒரு பெண் அதிகாரி. வந்தால் கல்லைத்தான் முதலில் விசாரிப்பார், அப்புறம்தான் மனிதர்களை. அதனால் கல் மேடம் என்று படகோட்டிகள் பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குத் திட்டுவதற்காவது சௌகரியமாக இருந்திருக்கும். முதல் தடவை வந்தபோது நாற்காலியையும் படியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முகம் சுண்டிப்போய், "சட்டம் அப்படிங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் தடவை அவள் விடவில்லை. துவைகல் கதையை முழுவதும் கொட்டித் தீர்த்தாள்.

கல் மேடம் மண்பாதையிலேயே மண்டி போட்டு உட்கார்ந்து, குழியைக் கையால் தடவிப் பார்த்தார். "எனக்கும் சந்தேகம் இருந்துச்சு. கால் பட்டா விளிம்புதான் தேயும். இது நடுவுல வழிச்ச மாதிரி இருக்கு. எனக்கு முன்னாடி இருந்தவங்க எழுதிட்டுப் போயிட்டாங்க, நான் என்ன பண்ணுறது" என்றார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "கல்லு பின்னாடி வந்ததுன்னு இத வச்சவங்க சொல்லணும் அக்கா. நீங்க மனு போட்டவங்க, நீங்க சொல்லி நான் எழுத முடியாது. உங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லட்டும். கதவு வேலை பாத்தவரு, அவர் சொன்னா எடுத்துக்குவாங்க. நாளைக்குக் காலையில வரேன், கேட்டு எழுதிக்கிறேன். அடுத்த நாளே நீங்க கொத்தனாரைக் கூப்பிட்டுக்கலாம்."

அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. உள்ளே ஓடி, "கேட்டுச்சாங்க? ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை!" என்றாள். அவர் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். படகு வரும் சத்தம் கேட்டால் அப்படித்தான் திரும்பி உட்கார்ந்துகொள்வார். கண் கூசுது என்பார். "ம்" என்றார். அந்த ஒரு 'ம்'மை வைத்துக்கொண்டு அவள் அன்று முழுக்க என்னென்ன கட்டினாள்! சரிவைக் கட்டினாள். சரிவில் அவர் சரசரவென்று இறங்கிப் போனார். அவள் வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிற சேலைகளை எடுத்து வெயிலில் காயப்போட்டாள். மேனேஜருக்கு, முதல் தேதி கண்டிப்பாக வருகிறேன் என்று ஆளிடம் சொல்லி அனுப்பினாள். அந்த அக்கா மகளிடம், சில்லறையை எந்தப் பெட்டியில் வைக்கவேண்டும் என்றுகூட மனதுக்குள்ளேயே பாடம் எடுத்தாள்.

மறுநாள் காலையில் அவருக்கு முகம் மழித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிவிட்டாள். கல் மேடம் சொன்னபடி வந்தார். அவள் போட்டுக் கொடுத்த டீயை வாசல் நிலையில் சாய்ந்து நின்றே குடித்தார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு, "சொல்லுங்க அண்ணே. இந்தப் படிக்கல்லு எப்ப, எப்படி இங்க வந்துச்சு?" என்று கேட்டார்.

அவர் கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருக்குப் பின்னால் நின்று மனதுக்குள் அவருக்காகப் பேசிக்கொண்டிருந்தாள்: ஆத்தங்கரைக் கல்லுங்க, நாந்தான் போட்டேன், ஆத்தங்கரைக் கல்லுங்க.

"எங்கப்பா சொல்லுவாரு மேடம்" என்று ஆரம்பித்தார். குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது. "விடியறதுக்கு முன்ன பனி மூடிக் கெடக்கும். படகு எங்க இருக்குன்னே தெரியாது. இந்தப் படியில வந்து நின்னு ஒருத்தன் குரல் குடுப்பான். கதவு தொறங்கப்பா, கதவு தொறங்கப்பான்னு. ஈரக் காலு. மண்ணு ஒட்டுன காலு. அப்பா எந்திரிச்சு வர்ற வரைக்கும் குளிர்ல கால மாத்தி மாத்தி வச்சுத் தேய்ச்சுக்கிட்டே நிப்பானுங்களாம். அதான் மேடம் நடுவுல தேஞ்சுபோச்சு. விளிம்புல நின்னா தண்ணிக்குள்ள விழுந்துருவான் இல்லையா?"

எத்தனையோ வருடம் எத்தனையோ படகுகளுக்கு அவர் இந்தக் கதையைச் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். இத்தனை அழகாக அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. கல் மேடத்தின் சந்தேகத்துக்குக்கூடப் பதில் வைத்திருந்தார். நேற்று மண்பாதையில் பேசியதை உள்ளே இருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், பாவி மனுஷன்.

"பொய் சொல்றாரு மேடம்! எங்கூடச் சேந்து சங்கிலி போட்டு இழுத்தவரு, இப்ப பொய் சொல்றாரு!" என்று அவள் கத்தினாள். "ஏங்க, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க!"

அவர் பார்க்கவில்லை. கல் மேடம் அவரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். பேனாவை மூடினார். "அக்கா, நான் நம்புறேன். உங்களத்தான் நம்புறேன். ஆனா நாளைக்கு மேல இருந்து கேட்டா எதக் காட்டுவேன்? கல்லு பழசுன்னுதான அவரே சொல்றாரு" என்றார். டம்ளரைச் சன்னல் திட்டில் சத்தம் வராமல் வைத்தார். கல்லைத் தொட்டுவிடாதீர்கள், தொட்டால் வழக்கு வரும், வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவார்கள் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, படியை மிதிக்காமல் தாண்டி இறங்கிப் போய்விட்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை, அதுவும் ஓர் எரிச்சல். கீழ்க்கதவுப் பக்கம் படகு ஒன்று ஒலியெழுப்பியது. அவர் சக்கரத்தைத் தட்டி, சன்னலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"ஏங்க, உங்களத்தான். ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நான் வெளிய வரணும்னு உங்கிட்ட கேட்டேனா?" என்றார் அவர். "என்னைக்காச்சும் கேட்டிருக்கேனா?"

பலகை வைத்த ஒவ்வொரு தடவையும் அவர் நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டது விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் என்றல்லவா நினைத்திருந்தாள்? பிடித்தது விழாமல் இருக்க இல்லை, போகாமல் இருக்க. அட கடவுளே. அவள் பின்னால் நின்று முக்கி முக்கித் தள்ள, அவர் முன்னால் உட்கார்ந்து நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறார். இடுப்பு போனது அவளுக்கு.

"தொட்டில படகு கீழ கெடக்கும்" என்று அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். "நான் மேல நிப்பேன். எவனா இருந்தாலும் என்ன அண்ணாந்து பாத்துதான் பேசணும். இப்ப நான் இந்த வண்டியில போயி அங்க நிக்கணுமா? தண்ணி ஏற ஏற ஒவ்வொருத்தனா மேல வந்து என்னக் குனிஞ்சு பாக்கணுமா? அய்யோ பாவம்னு சொல்லணுமா? கக்கூஸுக்குப் போறதக் கூடப் படம் புடிப்பானுங்கடி. அந்தக் கல்லு அங்கயே கெடக்கட்டும்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. இரக்கமும் வந்தது, வராமல் இல்லை. ஆனால் இத்தனை மாதமாக வந்து வந்து, தேய்ந்துபோய், கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அந்தக் கொஞ்சத்தையும் அவளே ஒதுக்கித் தள்ளினாள்.

"உங்களுக்கு வெளிய வர வேணாம். சரி, விடுங்க. நான் போகணும்ங்க. எனக்கு வெளிய போகணும்."

"போயேன். யாரு வேணாம்னா?"

"போறேன். பெட்பேன் யாரு வைக்கிறது? அந்தப் பொத்தான் அமுக்குறவரக் கூப்பிடவா?"

சொல்லியிருக்கக்கூடாது. சொன்ன வாய் மூடும் முன்பே தெரிந்தது. அவருடைய பிடரி சிவந்து, காது மடல் வரை ஏறியது. திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லையே என்றுதான் பயமாக இருந்தது. இன்னும் எத்தனை வருடம் இந்த அறையில் இவரும் நானும் இப்படியே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் தின்னப்போகிறோம் என்று நினைத்தாள். அவருக்கு இன்னும் வயதாகவில்லை. அவளுக்கும்தான்.

வெளியே போனாள். கதவு வேலைக்கான சாமான்கள் கிடக்கிற கொட்டகை, தொட்டியின் அந்தக் கோடியில் இருந்தது. உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தாள். குடைக்குக் கீழே இருந்த பொத்தான்காரர், "அக்கா, எங்க அத எடுத்துட்டுப் போறீங்க?" என்றார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படகு தொட்டிக்குள் வந்து அடியில் நின்றுவிட்டது, கதவும் சாத்தியாயிற்று. அவர் விரல் பொத்தானில் இருந்தது. தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே விழத் தொடங்கியது.

சுவருக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் கடப்பாரையை இறக்கினாள். போட்ட நாளில் அவர் பூசிய சுண்ணாம்பு அங்கே இருந்தது. குத்தக் குத்தப் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தது. வழக்கு வரட்டும். வீட்டைக் காலி பண்ணச் சொல்லட்டும், நல்லதாய்ப் போயிற்று, படி இல்லாத ஒரு வீடு உலகத்தில் இல்லாமலா போகும்? கடப்பாரை ஆழமாக இறங்கியதும், வாசலுக்குப் பக்கத்தில் நின்று, அதன் தலையை வீட்டுக்குள் பார்த்துத் தள்ளினாள். கல் அசையவில்லை. தோளைக் கொடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பி நின்று முதுகைக் கொடுத்து, காலை மண்ணில் ஊன்றிப் பின்பக்கமாகத் தள்ளினாள். அடியில் ஏதோ மளுக்கென்றது.

"என்னடி பண்ற?" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. "ஏய்! என்ன பண்ற அங்க?"

கல்லின் பின்விளிம்பு எழும்பிவிட்டது. கை நுழைகிற அளவு. அதற்கு மேல் வரவில்லை. அவள் முதுகை எடுத்தால் அப்படியே திரும்பி உட்கார்ந்துவிடும். எடுக்காவிட்டால் முதுகு போய்விடும். மறுபடியும் ஒரு தரம் தூக்க உடம்பில் தெம்பு இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இடுப்பு வெட்டிக்கொண்டிருந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. தொட்டிக்குள் இருந்து முதலில் ஒரு தொப்பி மேலே வந்தது. பிறகு தலைகள் வந்தன, தோள்கள் வந்தன. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் தண்ணீரோடு சேர்ந்து ஏறிக்கொண்டே வந்து, பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அந்த அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்ததை ஒருவர் சத்தமாகப் படிக்கத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்தினார். பொத்தான்காரர் எழுந்து நின்று, வரலாமா வேண்டாமா என்று தெரியாமல், குடையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

அவளுக்குப் பின்னால் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. வாசல் நிலைப்படி வரைக்கும் வந்து, அதில் இடித்து நின்றது. அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவும் இல்லை. படகில் இருந்தவர்களின் கண்கள் எல்லாம் அவளை விட்டுவிட்டு அவளுடைய தோளுக்கு மேலே போய் நின்றன. படகு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. இப்போது அவர்கள் குனிந்துதான் பார்த்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் வெயிலில் இருந்தார்.

அவர் நாற்காலியில் இருந்து முன்னால் சாய்ந்து, அவள் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கடப்பாரையை ஒரு கையால் பிடித்தார். பிறகு மறு கையாலும் பிடித்தார். மூச்சு அவள் பிடரியில் பட்டது. கதவு மரத்தைத் தள்ளிக் காய்த்த கை. அந்தப் பிடியின் உறுதி இரும்பு வழியாக இறங்கி அவள் முதுகெலும்பில் வந்து நின்றது. அவளோடு சேர்ந்து இழுக்கிறாரா, கல் மேலே வரவிடாமல் அமுக்கிப் பிடிக்கிறாரா என்று அவளால் இன்னும் சொல்ல முடியவில்லை. அவள் குதிகாலை இன்னும் கொஞ்சம் ஆழமாக மண்ணுக்குள் ஊன்றினாள். எழும்பி நின்ற கல்லுக்கு அடியில், கறுத்த ஈரமண்ணில், வெள்ளை வேர்கள் வெளிச்சத்தில் கிடந்தன.